அம்மா சொன்னதாக நீ சொன்னது

மகனே,

இந்த இடத்தில் 'அன்புள்ள' என்று ஒரு சொல் வந்திருக்க வேண்டும். அதை எழுத இன்றைக்குக் கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, இங்கேதான் இருக்கிறது. உன் மேல் வந்திருக்கும் இளக்காரம் அதை முந்திக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். எட்டு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவன் நீ. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். நல்லதாகப் போயிற்று. உன் ஆபீஸ் ஈமெயில் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ள முடியாது. ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று உறைக்கட்டும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ 'மீட்டிங்ல இருக்கேம்மா' என்று சொல்லிவிட்டு நழுவுவாய். அதோடு இது உனக்கு மட்டுமான கடிதமும் இல்லை. நம் தமிழ்ச் சங்கத்தில் சித்திரை மலர் போடுகிறார்கள். பையனுக்குக் கல்யாணம் வருகிறதே, மகனுக்குத் தாய் சொல்லும் நாலு நல்ல வார்த்தை என்று ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். இதைத்தான் கொடுக்கப்போகிறேன். டல்லஸ் பக்கம் நம் பிளானோவில் இருக்கிற நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்றுதானே நீ இத்தனையும் செய்தாய்? அந்த நாலு பேரும் படிக்கட்டும். நயோமியிடம் அனுமதி கேட்டேன், கொடுத்தாள். 'என் முடியைப் பின்னல் என்று எழுதிவிடாதீர்கள் ஆன்டி, அது பின்னல் இல்லை' என்று மட்டும் சொன்னாள். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

விஷயம் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் நயோமி, கறுப்பினக் குடும்பத்துப் பெண். அவளிடம், அவள் தலையில் இருக்கும் அத்தனை முடித் திரியையும் கல்யாணத்துக்கு முன்னால் பிரித்துவிடச் சொன்னாய். அதைக் கேட்பது நீ இல்லை, உன் அம்மா என்றாய். அவள் அந்த முடியோடு மணையில் உட்கார்ந்தால் அம்மா மனசு உடைந்துபோவாள் என்றாய். நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் உன்னை நம்பினாள். பிரிக்க உட்கார்ந்தாள்.

அவளை நீ முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டி வந்தது போன வருடத்துக்கு முந்தின வருடம், நவம்பர் மாதத் தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு. அப்போது அவள் முடி தலையைச் சுற்றி வட்டமாக, அடர்த்தியாக நின்றது. எனக்குப் பிடித்ததா? பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் சுருட்டை முடி என்றால் எண்ணெயை ஊற்றி, அமுக்கி வாரி, நெற்றி வலிக்க இழுத்துக் கட்டிவிடுவார்கள். முடியை அது போகிற போக்கில் விடுவது எனக்குப் பழக்கமில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன், இதை எப்படித்தான் வாருகிறாய் என்று. ஈரத்தில் விரலால் பிரிப்பேன் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு, உங்கள் முடி இப்படிப் படிந்து கிடக்கிறதே, அதற்கு என்ன செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். மாமியாராகப் போகிறவளிடம் கேள்விக்குக் கேள்வி. அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. முடியைப் பிடிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஹாலுக்குப் போகிற வழியில் மாட்டியிருக்கிறதே என் கல்யாணப் படம், அதன் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். என்னை ஒரு நிலைக்கண்ணாடி முன் நிற்க வைத்து, முன்னால் முகமும் பின்னால் பூ தைத்த ஜடையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுத்தது. அந்தக் காலத்தில் எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான் எடுப்பார்கள். நீ சின்ன வயதிலிருந்து அந்தப் படத்தைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாய். ஒரு நாளாவது நின்று பார்த்ததுண்டா? அவள் பார்த்தாள். பூவை எதில் தைக்கிறார்கள், இவ்வளவு கனத்தைத் தலை எப்படித் தாங்குகிறது, குஞ்சலம் எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு தன் போனில் அந்தப் படத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நீ சோபாவில் கால் நீட்டி ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த சில மாதத்தில் அவள் லாக்ஸ் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எனக்கு அது என்னவென்றே தெரியாது, அவள்தான் போனில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். தலை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாக வகிடெடுத்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் ஒரு சிறு கொக்கியால் தனக்குள்ளேயே கோத்துக் கோத்துத் திரியாக்குவார்களாம். நாள் போகப் போக அது உள்ளுக்குள் பிணைந்து இறுகிவிடும். பின்னல் மாதிரி நினைத்தபோது அவிழ்க்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் ஊசி முனையால் ஒவ்வொன்றாகக் கிளறிக் கிளறி எடுக்க வேண்டும், முடியும் கொத்தாக உதிரும். பொறுமை இல்லாதவர்கள் வெட்டிவிடுவார்கள்.

எந்த அளவில் வைப்பது என்பதுதான் பெரிய யோசனை. ஓக்லாந்தில் அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இதைச் செய்கிறவர். அவர் பின்னந்தலையில் தடியாக, நடுத்தரமாக, மெல்லியதாக ஓரிரண்டு திரி செய்துவிட்டு, கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். பென்சில் கனத்துக்கு வைத்தால் சீக்கிரம் முடியும், பராமரிப்பும் குறைவு. அவள் கேட்டதோ இருப்பதிலேயே மெல்லியது, அகல் விளக்குத் திரி கனம்கூட இல்லாதது. நாள் கணக்கில் நாற்காலியில் உட்கார வேண்டும், பிறகும் சில வாரத்துக்கு ஒரு தடவை வேர்ப் பக்கம் இறுக்கப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவள் அம்மாவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லை. ஏன் இந்தப் பிடிவாதம் என்று நான் உன்னைக் கேட்டேன். 'ஏதோ ஸ்டைல்மா' என்றாய்.

அந்த நாட்களில் அவள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டதெல்லாம் எனக்கு அரட்டையாகத்தான் தோன்றியது. ஜடையை மூன்று பங்காகப் பிரித்துப் பின்னுவீர்களா, நாலா? ராக்கொடி சரியாக எந்த இடத்தில் உட்காரும்? பூவைத் தைக்கிற நூல் எவ்வளவு கனம்? நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு தடவை வந்தபோது பழக்க தோஷத்தில் அவளுக்குத் தலையில் எண்ணெய் வைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது எண்ணெய் பட்டால் திரி வழுக்கிப் பிரிந்துவிடும் ஆன்டி, நன்றாக இறுகட்டும், பிறகு வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு மாமியாரும் மருமகளும் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும். வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். நீ அப்போது பக்கத்தில்தான் இருந்தாய். இதைப் பார்த்த பிறகும், முடியைப் பற்றி அம்மாவிடம் வாயைத் திறக்கவே முடியாது என்று அவளிடம் சொல்ல உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது?

துணிச்சல் என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்.

டிசம்பரில் நம் வீட்டில் நிச்சயதார்த்தம் நடந்தது. நான் அடுக்களையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். ஹாலில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கோமதி ஆன்டி வந்தாள். அவளை உனக்குத் தெரியும், இந்த மலரை வாங்குகிற எல்லோருக்கும் தெரியும், இந்த வரியைப் படிக்கும்போது அவளுக்கும் தெரியும். நேராக நயோமியின் பின்னால் போய், கேட்காமல் கொள்ளாமல், துணிக்கடையில் துணி பார்க்கிற மாதிரி அவள் முடியை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்திருக்கிறாள். பிறகு உன்னிடம், அவள் காதுபடவே, அவளுக்குத் தமிழ் புரியாது என்ற தைரியத்தில், "நல்லாத்தான் பின்னியிருக்கா. கல்யாணத்துக்கு மட்டும் பிரிச்சு ஸ்ட்ரெய்ட் பண்ணிட்டான்னா நம்ம பொண்ணு மாதிரியே இருப்பா" என்றிருக்கிறாள். அது பின்னல் இல்லை என்று உனக்குத் தெரியும். பிரிப்பதென்றால் என்ன என்றும் தெரியும். நீ சிரித்துக்கொண்டே "பண்ணிடலாம் ஆன்டி" என்று சொன்னாய்.

கோமதியின் பெண் கல்யாணத்தில் ஜடை வைத்தது நான்தான். அந்தப் பெண்ணுக்குக் கழுத்து வரைதான் முடி. ரசாயனம் போட்டு நீட்டி, பொசுக்கி, அதற்கு மேல் சென்னையிலிருந்து தருவித்த சவுரியைக் கட்டி, ஒரு பெட்டி ஹேர்பின் குத்தி நிற்க வைத்தேன். எந்த ஊரில் எந்தப் பெண் வேண்டிக்கொண்டு மொட்டை போட்ட முடியோ அது. மணையில் அவள் அதோடு உட்கார்ந்தாள், எல்லோரும் மகாலட்சுமி என்றார்கள். தன் மண்டையில் முளைத்த முடியோடு வந்த நயோமிதான் இவர்கள் கண்ணுக்கு வேஷம் போட்டவள். இந்தக் கூட்டத்துக்காகவா நீ நடுங்கினாய்? மாதத்துக்கு ஒரு தடவை, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பார்க்கிற முகங்கள். நீ இருக்கிறது சான் ஹோசேயில். பிளேன் ஏறி வந்து இவர்களுக்குப் பயப்பட வேண்டுமா?

உன் அப்பா அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்" என்றார். உன் அப்பா வீட்டில் குலதெய்வத்தின் பெயரே 'எதுக்கு வம்பு' என்று நினைக்கிறேன். அவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகிறார். அடுத்தவர் வாயில் தன் வார்த்தையைத் திணிப்பதில்லை. அந்த வித்தை உனக்கு எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து என்று யோசித்துப் பார்த்தேன். ஆறாவது படிக்கும்போது உன் வகுப்புப் பையன்கள் கூடாரம் போட்டுத் தங்கப் போனார்கள். உனக்கு இருட்டில் வெளியே படுக்கப் பயம். அதைச் சொல்ல மானம் போகும் என்று, எங்கம்மா விட மாட்டாங்க என்று சொல்லியிருக்கிறாய். ஒரு பையனின் அம்மா எனக்குப் போன் செய்து, உங்கள் பண்பாட்டை நான் மதிக்கிறேன், ஆனாலும் குழந்தைகளுக்குக் கொஞ்சம் சுதந்திரம் வேண்டாமா என்று இரக்கத்தோடு பேசினாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆமாம், நான் விட மாட்டேன் என்று சொல்லி வைத்தேன். அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை. பதினோரு வயதுப் பையன் ஒதுங்குவதற்கு அம்மா முந்தானை இருப்பதில் தப்பில்லை. உனக்கு மீசை முளைத்து, ரேசர் வாங்கி, டிகிரி வாங்கி, கார் வாங்கின பிறகும் அதே முந்தானைக்குள்ளிருந்து தலையை நீட்டினால் பார்க்கச் சகிக்கவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாயிரத்தொன்றில் நியூயார்க்கில் அந்தக் கோபுரங்கள் விழுந்த பிறகு இங்கே எல்லோரும் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள். நீ வீட்டிலிருந்து காலேஜ் போய்க்கொண்டிருந்தாய். நான் ஆஸ்பத்திரி லேபுக்கு எப்போதும் போலப் பொட்டு வைத்துக்கொண்டுதான் கிளம்புவேன். ஒரு நாள் காலையில் நீ வாசலில் நின்று, "கொஞ்ச நாளைக்குப் பொட்டு வேண்டாம்மா, அப்பா ரொம்ப பயப்படறார்" என்றாய். நான் கார் சாவியை வைத்துவிட்டு நேராக உள்ளே போய் அவரிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளை இறக்கி, "நான் எப்ப சொன்னேன்?" என்றார். நீ அதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நீ பயந்ததில் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு யார்தான் பயப்படவில்லை? எனக்குப் பயமா இருக்கும்மா என்று சொல்லியிருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன், ஒருவேளை பொட்டைக்கூட எடுத்திருப்பேன். அப்பா பெயரைச் சொன்னாய். நான் பொட்டோடுதான் போனேன்.

அன்றைக்கு நான் உள்ளே போய்க் கேட்டேன், பொய் அதோடு செத்தது. நயோமி என்னிடம் வந்து கேட்கக்கூடாது என்பதற்கும் நீ வழி செய்து வைத்திருக்கிறாய்.

மார்ச்சில் கூறைப்புடவையைக் காட்டி, பிளவுஸ் அளவு சரிபார்க்கலாம் என்று சான் ஹோசே வந்தேன் அல்லவா? உனக்கு ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ், வர முடியாது என்றாய். மத்தியானம் நான் மட்டும் அவள் அபார்ட்மெண்டுக்குப் போனேன். தோளில் துண்டோடு வந்து கதவைத் திறந்தாள். முடியை மேலே தூக்கி கிளிப் போட்டிருந்தாள். பிடரிக்கு மேலே வரிசை வரிசையாக இருந்த திரிகளில் அடி வரிசைகளைக் காணோம். அந்த இடத்தில் நசுங்கின முடி பஞ்சு பஞ்சாக நின்றது. மேஜை மேல் கண்டிஷனர் டப்பாவும் ஒரு ஊசியும் இருந்தன, விரித்த காகிதத்தில் உதிர்ந்த முடி கிடந்தது. அவள் விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம், உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"ஏம்மா இதைப் பிரிக்கிற?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்கதானே பிரிக்கச் சொன்னீங்க, ஆன்டி."

நான் புடவைப் பையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ அவளிடம் பேசியதையெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு உன் முடி பெரிய துக்கம். அவள் வெளியில் சொல்ல மாட்டாள், உள்ளுக்குள்ளேயே நொந்துபோவாள். கல்யாணத்துக்கு மட்டும் பிரித்து நீட்டிவிட்டால் அவள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள். தயவுசெய்து அவளிடமே போய்க் கேட்டுவிடாதே, எங்கள் பக்கத்தில் பெரியவர்களிடம் இதையெல்லாம் நேருக்கு நேர் கேட்பது மரியாதை இல்லை. இத்தனையும் நீ சொன்னது.

நான் வெளியில் சொல்ல மாட்டேனாம். எனக்குப் பிடிக்காத ஒன்றை நான் மனசுக்குள் பூட்டி வைத்ததாக டல்லஸ் வட்டாரத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்து சொல்லட்டும். இந்தப் பக்கத்துக் கோயில் கமிட்டியே நான் வாயைத் திறந்தால் வேறு ரூமுக்குப் போய்விடும். என்னைப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணீர் வடிக்கிற பாவப்பட்ட பெண்ணாக்கி, அந்தக் கண்ணீரைக் காட்டி ஒரு பெண்ணின் தலையைக் கேட்டிருக்கிறாய். 'எங்கள் பக்கத்தில்' என்று வேறு. எது உங்கள் பக்கம்? பொங்கலுக்கு வேட்டி கட்டச் சொன்னால் இடுப்பில் நிற்கவில்லை என்று பேன்ட்டோடு வருகிறவனுக்கு, மறைந்துகொள்ள மட்டும் ஒரு பண்பாடு வேண்டியிருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் சொல்லவில்லை என்று அவளிடம் சொன்னபோது, அவள் ஒரு தடவைகூட நிஜமாகவா என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும், நீ பொய் சொல்லியிருப்பாய் என்று நம்பிவிட்டாள். அதைவிட எனக்கு வேறு தண்டனை வேண்டியிருக்கவில்லை.

பிறகு போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். என் கல்யாணப் படம். தடித் தடியாக லாக்ஸ் வைத்தால் ஜடை பின்னும்போது கயிறு மாதிரி முறைத்துக்கொண்டு நிற்குமாம், அதன் மேல் பூ படியாதாம். நூல் கனத்துக்கு இருந்தால்தான் மூன்றாகப் பிரித்து ஒழுங்காகப் பின்னலாம், பூவைத் தைக்கலாம், ராக்கொடியைச் செருகலாம். ஓக்லாந்துப் பெண்மணியிடம் இந்தப் படத்தைக் காட்டி, எனக்கு இந்த ஜடை வேண்டும், அதற்கு எந்த அளவு சரிவரும் என்று கேட்டுத்தான் அவள் அந்த மெல்லிய அளவை எடுத்திருக்கிறாள். நாற்காலியில் நாள் கணக்காக உட்கார்ந்தது அதற்குத்தான். என்னிடம் பூநூலின் கனம் கேட்டதும் அதற்குத்தான். தன் முடியை விடாமல் நம் ஜடையையும் போட்டுக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்து, ஒரு வருடமாக அதை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உன் கல்யாணத்துக்காக வைத்த முடியைத்தான் உன் கல்யாணத்துக்காகப் பிரிக்கச் சொன்னாய்.

இது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஆரம்பத்திலேயே சொன்னேன் என்றாள். நீ லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் 'கூல்' என்றாயாம். தெரிந்தே பிரிக்கச் சொன்னாயா, காதிலேயே வாங்காமல் சொன்னாயா? இரண்டில் எது தேவலை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீயே யோசித்து வை.

அன்று மத்தியானமே அவளைத் தரையில் உட்கார வைத்து, பிரிக்காமல் மிச்சமிருந்ததை எடுத்து ஜடை பின்னிப் பார்த்தேன். வழவழவென்று கைக்கு அடங்கி வந்தது. கோமதி பெண்ணுக்குக் குத்தின பின்னில் கால்வாசிகூடத் தேவைப்படவில்லை. நீளம் முதுகு பாதி வரைதான் வந்தது, கீழே சவுரி சேர்க்க வேண்டும் என்றேன். அவள் முகம் வாடியது. அதனால் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அந்தக் கல்யாணப் படத்தில் என் இடுப்புக்குக் கீழே தொங்குவது முழுக்கச் சவுரிதான். அவள் தரையில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், உதிர்ந்த முடி கிடந்த காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள்.

"அவனுக்கு என் முடி பிடிக்கலைன்னா சண்டை போட்டிருப்பேன் ஆன்டி. நாலு பேர் முன்னாடி வெட்கமா இருக்குன்னா அதையும் பேசித் தீர்த்திருக்கலாம். நீங்க அழுவீங்கன்னு சொன்னா நான் யார்கூடச் சண்டை போடறது?"

இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். உன்னிடம் இருந்தால் கொண்டு போ.

மோதிரம் கையில்தான் இருக்கிறது. கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. யோசிக்க வேண்டும், அதுவரை அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். நான் ஊர் திரும்பும்போது பிளவுஸ் சரியாக இருக்கிறது என்று மட்டும் உன்னிடம் சொன்னது அதனால்தான். இந்தக் கடிதத்துக்கு இப்போதுதான் சரி என்றாள். பிரித்த வரிசைகளை ஓக்லாந்தில் மறுபடி போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். போன வாரம் நீ எனக்குப் போன் செய்து, கொஞ்ச நாளா அவ ஒரே பிசிம்மா என்றாய். அவள் பிசி இல்லை. உன்னை எடை போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போதைக்குத் தட்டு உன் பக்கம் தாழவில்லை.

மலருக்கு அறிவுரை கேட்டார்கள், அதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணம் என்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. தினமும் ஒருத்தியின் முன்னால் நின்று, எனக்கு வேண்டும், எனக்கு வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று உன் பெயரில் நீ சொல்ல வேண்டும். வெந்நீர் போடச் சொல்வதிலிருந்து வீடு வாங்குவது வரை அவ்வளவுதான். அது வராதவன் மணையில் உட்காரக்கூடாது, அம்மா மடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும். என் முட்டி இப்போது உன்னைத் தாங்காது. நாளைக்கு உங்களுக்கு ஒரு பெண் பிறக்கும். அவள் முடி அவள் அம்மா முடி மாதிரி இருக்கும், நன்றாக இருக்கும். இன்னொரு கோமதி வந்து அதை விரலில் உருட்டிப் பார்ப்பாள். அந்தக் குழந்தை உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கும். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன், என் பெயர் உனக்கு உதவாது. அன்றைக்கும் 'பண்ணிடலாம் ஆன்டி' என்று சிரிக்கப் போகிறவன் என்றால் இப்போதே சொல்லிவிடு. நயோமியின் ஆயுசில் ஒரு வருடம்தான் போயிருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிடலாம்.

ஜூனில் அவளுக்கு நான்தான் ஜடை பின்னப்போகிறேன். அதை நாங்கள் பேசி முடித்தாயிற்று. கல்யாணம் நடந்தால் மண்டபத்தில், நடக்காவிட்டால் நம் வீட்டு ஹாலில். பூ தைத்து, ராக்கொடி வைத்து, அதே மாதிரி கண்ணாடி முன் நிறுத்திப் படம் எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறேன். பக்கத்தில் மாப்பிள்ளை நிற்பானா என்பது இனி உன் கையில்.

இதைப் படித்து முடித்ததும் அவள் வீட்டுக்குப் போ. பூ வாங்கிக்கொண்டு போகாதே, அதெல்லாம் நான் கொண்டு வருவேன். அவள் கதவைத் திறந்து, எதற்காக முடியைப் பிரிக்கச் சொன்னாய் என்று ஒரு தடவை கேட்பாள். 'எனக்கு' என்று ஆரம்பி. அதற்கு மேல் உன் வாயிலிருந்து என்ன வந்தாலும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், நின்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். 'அம்மா' என்று ஆரம்பித்தாயானால் முகத்திலேயே கதவைச் சாத்திவிடுவாள். அப்படிச் சாத்தச் சொன்னது யார் என்று கேட்டுப் பார். இந்த ஒரு தடவை நிஜமாகவே அம்மாதான் சொன்னாள்.